சரோஜம் அக்கா மீட்ட பிறப்புப் பதிவுகள்

சரோஜம் அக்கா இறந்த செய்தியை எங்கள் ஆஸ்பத்திரி மேலாளர்தான் சொன்னார். "நம்ம பழைய சரோஜம் போயாச்சு. நீரு போவும்போ ஒரு ரீத்து வாங்கிட்டுப் போய் வெச்சிரும். ஆஸ்பத்திரி பேருல ஆக்கும்." அக்காவை வேலையை விட்டு அனுப்பியதும் இதே வாய்தான். பாறசாலையில் அவர் வீட்டு முற்றத்தில் அந்த மலர்வளையத்தைக் கொண்டுபோய் வைத்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைத் தங்க நிறத்தில் எழுதியிருந்தார்கள். வெட்கம் என்பது நிர்வாகத்துக்கு இல்லாவிட்டால் போகட்டும், வளையத்தைச் சுமந்து சென்ற எனக்கும் இல்லை.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நெய்யாற்றின்கரை அருகே எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு அக்காவுடையது. நான் அவருக்குக் கீழே. வயரால் பிணைத்த மூன்று கணினிகள் இருந்தன. ஒவ்வொரு பதிவும் ஏதாவது இரண்டில் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும் என்பது ஏற்பாடு. தாய் எந்த மொழியில் பெயர் சொன்னாளோ அந்த மொழியிலேயே எழுதுவது அங்கே வழக்கம். ஆகவே தமிழுக்கு ஒரு கோப்பு, மலையாளத்துக்கு ஒரு கோப்பு.

ஏற்றி முடித்ததும் நிர்வாகம் பழைய பதிவேடுகளைத் தூக்கி எறிந்தது. இடம் அடைக்கிறதாம். அக்கா மேலாளர் அறைக்கே போய்ச் சொன்னார்: "காயிதம் கிடக்கட்டு சார். மெஷீனுக்கு என்ன, ஒரு இடி வெட்டினா தீந்துது." மேலாளர் சிரித்தார். காலம் மாறிவிட்டதாம்.

அந்த ஐப்பசியிலேயே இடி வெட்டியது. முதல் கணினி நின்றுபோய், மறுபடி உயிர் வந்தபோது தமிழ்க் கோப்பில் முன்பகுதி மட்டுமே மிச்சம். அக்கா அன்று விடுப்பு. கெட்டிக்காரன் என்று பேர் வாங்க எனக்கு ஆசை. இரண்டாம் கணினியிலிருந்த நகலைத் திறந்து பார்த்தேன். திரை முழுக்க ஒன்றோடொன்று சேராத குறிகள். அந்தக் கணினியில் மலையாள எழுத்துரு மட்டுமே உண்டு, தமிழ்க் கோப்பு அதில் அப்படித்தான் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கெட்டது இதுதான் என்று முடிவு கட்டினேன். முதல் கணினியில் முதல் சில பக்கங்கள் அழகாகத் தெரிந்தன. கடைசிவரை போய்ப் பார்க்காமல், அந்த அரைகுறையை முழுமையான நகலின் மேல் ஏற்றினேன். நல்லதை அழித்தது இடி அல்ல, நான்.

மறுநாள் அக்கா திட்டவில்லை. "ரெண்டு எடத்தில வெச்சா பத்தாது மக்கா, ரெண்டையும் வாசிக்கணும்" என்றார். பிறகு, "இனி இந்த ரெண்டாம் மெஷீன யாரும் தொடாண்டாம். அதுக்கு மேல புதுசா ஒண்ணு எழுதுறது வரைக்கும் அழிஞ்ச பழசு அடியில கிடக்கும்" என்றார். மூன்று வாரம் அதன் முன்னால் உட்கார்ந்தார். கணினியின் வட்டுக்குள் சிதறிக் கிடந்த கோப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எனக்குக் குப்பையாகத் தெரிந்த அந்தக் குறிகளை அவர் நேராகத் தமிழாகவே வாசித்தார். இது அமரவிளை, இது தங்கம்மைக்க பிள்ளை, பெண்ணு என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். துண்டுகளிலும் கிடைக்காத பதிவுகளுக்காக பஸ் ஏறி அம்பூரி வரை போனார். ரப்பர் தோட்டங்களுக்குள் வீடு வீடாக ஏறி, தாய்மாரிடம் கேட்டு எழுதி வந்தார். அப்படி அலைந்த நாட்களை நிர்வாகம் ஊதியமில்லா விடுப்பாகக் கணக்கிட்டது.

பதிவுகள் திரும்பி வந்த பிறகுதான் விசாரணை வைத்தார்கள். காகிதத்தை எறிந்தவர்களே நீதிபதிகள். "நல்ல நகலின் மேல் கெட்டதை ஏற்றியது யார்?" என்று மேலாளர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அக்காவே, "பொறுப்பு எனக்காக்கும்" என்றார். அந்த மாதத்தோடு அவரை நிறுத்தினார்கள்.

அவர் என்னைக் காப்பாற்றினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் தூக்கம் வரும். ஒரு வருடம் கழித்து, பாறசாலையில் கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் கடையில் அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். சாயா வாங்கித் தந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அது வேண்டாம்" என்றார். "உன்னக் காப்பாத்தணும்னு நான் ஒண்ணும் நினைக்கல்ல. நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ சொல்லல்ல. பொறவு ஆராவது ஒண்ணு சொல்லணும் இல்லியா?"

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதன் பிறகும் மேலாளரிடம் உண்மையைச் சொல்லவில்லை. பாறசாலை வழியாகப் போகும் பஸ்ஸில் கடை இருக்கும் பக்கம் உட்காருவதை மட்டும் விட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அக்காவிடமிருந்து தாங்கள் பெற்றதைச் சொன்னார்கள். பொறுமை என்றார் ஒருவர், நேர்மை என்றார் இன்னொருவர். என்னையும் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று தப்பித்தேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அவருடைய வேலை. அவரை நிறுத்திய மறுவாரம் அதை எனக்குத் தந்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.