எஸ்போஸ்தியை வெளியே போட்டது யார்

முப்பது வருட ஆயா வேலையில் ஆர்ஜியா பள்ளிக்கூட மணியை அடிக்காமல் விட்டது ஒரே ஒரு நாள்தான். 1978ஆம் வருடம், மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. பன்னிரண்டரை தாண்டியும் மணிச் சத்தம் கேட்கவில்லை. சமையலறையில் நான் கொதிக்கும் தண்ணீரில் பூசணிப் பூரணம் அடைத்த தோர்த்தெல்லியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அது குழைந்து கஞ்சியாகிக்கொண்டிருந்தது. கரண்டியோடு தாழ்வாரத்துக்கு ஓடினேன். மூன்றாம் வகுப்பு வாசலில் வாளியும் துடைப்பமும் கிடந்தன. ஆர்ஜியா உள்ளே நின்றிருந்தாள், பாதித் தரை துடைத்த ஈரக் கையோடு.

வகுப்பில் குழந்தைகள் தங்கள் குடும்பப்பெயரின் பொருளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியர் ஃபுல்ஜென்சியோ கோந்தி எழுதிய புத்தகம் அந்த மாதம்தான் அச்சாகி வந்திருந்தது. எங்கள் ஊர்க் குடும்பப்பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று அதில் இருந்தது. ஃபெர்ராரி என்றால் கொல்லர். மொந்தனாரி மலையிலிருந்து இறங்கி வந்தவர். பார்பியேரி நாவிதர். என் குடும்பப்பெயர் பீஜி. சாம்பல் நிறம் என்று பொருளாம். யாரோ ஒரு முப்பாட்டனுக்குச் சீக்கிரம் நரைத்திருக்க வேண்டும். கோந்தி என்றால் கோமான்கள். தன் பெயருக்கு மட்டும் அவர் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்.

அன்று ஒன்பது வயது மாராவின் முறை வந்தது. மாரா, ஆர்ஜியாவின் அண்ணன் பேத்தி. ஆர்ஜியாவின் பிறந்த வீட்டுப் பெயர்தான் அவளுக்கும்: எஸ்போஸ்தி. குழந்தை எழுந்து நின்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே வாசித்தது. "எஸ்போஸ்தி: வெளியே போடப்பட்டவர்கள். வெட்கமற்ற தாய்மார்கள் வீசிவிட்டுப் போன குழந்தைகளுக்கு வைத்த பெயர். இந்தப் பெயருக்கு வம்சம் கிடையாது."

பின் பெஞ்சில் ஒரு பயல், "அப்ப குப்பைத் தொட்டியா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டாள். கெட்டவள் இல்லை, யோசிக்காமல் சிரித்துவிட்டாள். ஆனால் அதை ஆர்ஜியா பார்த்துவிட்டாள்.

"மாரா, பையை எடு" என்றாள். பிறகு டீச்சரிடம், "நீ சிரிச்சு முடி தாயி. நான் எழுதுனவரைப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

ஆர்ஜியா குள்ளம். தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். பதினாலு வயதில் நெல்வயலில் களை பறிக்கப் போய், முட்டியளவு தண்ணீரில் நின்று வளர்ந்தவள். கணவன் எர்மெஸ் செங்கல் லாரி கவிழ்ந்து இறந்த பிறகு இந்தப் பள்ளிக்கு வந்தாள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவள் குரல் இறங்கும். அப்படி இறங்கினால் ஊரில் ஆம்பளைகள்கூட வழிவிடுவார்கள்.

அந்தப் பெயரால் அவள் பட்டதைவிட அவள் அப்பா பட்டது அதிகம். பிரீமோ எஸ்போஸ்தி, வண்டியோட்டி. நகரத்தில் கைவிடப்பட்ட கைக்குழந்தைகளை எடுத்துக்கொள்ளும் இல்லத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் எடுத்து வளர்த்த பிள்ளை. கல்யாணம் பேசப் போன இரண்டு வீடுகளில் பெயரைக் கேட்டதும் நாற்காலியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனார்களாம். நாற்பது வயதுக்கு மேல்தான் குடும்பமானார். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தன்னைப் பெற்றவளை ஏசாமல் அவர் தூங்கியதில்லை. "நாய்கூட குட்டியை நக்கிக் குடுத்துட்டுத்தான் போகும். அவ நாயைவிடக் கேடு" என்பார். 1951இல் சாகும்போதும் அதைத்தான் சொன்னார். பாதிரியார் எல்லோரையும் மன்னிக்கச் சொன்னபோது, "எல்லாரையும் மன்னிக்கறேன், அவளைத் தவிர" என்றார். ஆர்ஜியா பக்கத்தில்தான் இருந்தாள்.

நான் கரண்டியோடு தலைமையாசிரியர் அறை வாசல்வரை போனேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. கதவு திறந்தே இருந்தது.

"உட்காரு ஆர்ஜியா" என்றார் கோந்தி.

"தரை தொடச்சுட்டு வந்திருக்கேன், நாற்காலி ஈரமாகும். இதை எழுதுனது நீங்கதானே ஐயா?"

"நான்தான். மூணு வருஷ உழைப்பு. ஏன், என்ன ஆச்சு?"

"வெட்கமற்ற தாய்மார்கள்னு போட்டிருக்கு. அந்தத் தாய்மாரை நீங்க பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதோ பாரு, வரலாறு யாரையும் புண்படுத்தணும்னு எழுதறது இல்லை. அந்தப் பேரு அப்படித்தான் வந்தது. உனக்கு அது சங்கடமா இருந்தா மாத்திக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. மனுவை நானே எழுதித் தரேன்."

"பேரு எனக்குச் சங்கடமா இல்லை. நீங்க எழுதுனதுதான் சங்கடம். போடப்பட்டவங்கன்னு எழுதத் தெரிஞ்சுதே, போட்டது யாருன்னு எங்க பாத்தீங்க?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே. வேணும்னா நகரத்து ஆவணக் காப்பகத்துல பதிவேடெல்லாம் இருக்கு."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "மணி அடிக்கலையா இன்னும்?" என்றார்.

"நீங்களே அடிச்சுக்குங்க" என்று வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் லீவு போட்டு இருவரும் பஸ்ஸில் நகரத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவள் மடியில் கைப்பையை ஒரு கோழியைப் பிடிப்பதுபோல அழுத்திப் பிடித்திருந்தாள்.

காப்பகத்தில் லொரெதானா என்று ஒரு இளம்பெண். நிமிர்ந்த உடம்பு, கழுத்தில் சிவப்புத் துணி. ஆர்ஜியா பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என் குடும்பப்பேரு கோப்பி. கூனருங்கன்னு அர்த்தம். என் முதுகைப் பாருங்க" என்று திரும்பிக் காட்டினாள். பிறகு, "உங்க தலைமையாசிரியர் கோந்தின்னா கோமான்னு சொல்றாரா? அந்தப் பேரு வச்சிருந்தவங்கள்ல பாதிப் பேரு கோமான் வீட்டுல எச்சித் தட்டு கழுவுனவங்களா இருப்பாங்க. எசமான் பேரு வேலைக்காரனுக்கு ஒட்டிக்கிறது வழக்கம்தான்" என்றாள்.

நான் சிரித்தேன். ஆர்ஜியா சிரிக்கவில்லை. "எங்கப்பா பிறந்தது 1877, ஜனவரி" என்றாள்.

"அப்ப காட்டலாம். தாய் பேரை நூறு வருஷத்துக்கு மறைச்சு வைக்கணும்னு விதி. போன வருஷமே நூறு முடிஞ்சுது."

இரண்டு பதிவேடுகளும் ஒரு காகிதக் கட்டும் வந்தன. முதல் பதிவேட்டில் குழந்தைகள். எண் 31, ஆண், பிரீமோ. பெயர் வைத்த குமாஸ்தாவின் கையெழுத்து மிக அழகாக இருந்தது. லொரெதானா அந்த வரியைத் தட்டினாள். "பிறப்பைக் காட்டிக் குடுக்கற பேரு வைக்கக் கூடாதுன்னு அப்பவே சட்டம் வந்தாச்சு. அப்படி இருந்தும் இவன் வச்சிருக்கான். சோம்பேறித்தனமோ திமிரோ தெரியலை."

இரண்டாவது பதிவேட்டில் இல்லத்தில் பால் கொடுத்த பெண்கள். அதில் எண் 31இன் தாய் இருந்தாள். செலெஸ்தே ஃபோர்னச்சாரி, வயது பத்தொன்பது, வீட்டு வேலைக்காரி, திருமணமாகாதவள்.

"இங்கயா இருந்தா?" என்று ஆர்ஜியா கேட்டாள். "போட்டுட்டுப் போகலையா?"

லொரெதானா மெதுவாகச் சொன்னாள். கல்யாணமாகாமல் பிரசவிக்க வருகிற ஏழைப் பெண்களை அந்த இல்லம் சும்மா அனுப்பாது. குழந்தையைப் பிரித்து, மலைக் கிராமத்திலோ பண்ணையிலோ எங்கேயோ கொடுத்துவிடுவார்கள். எங்கே என்று தாய்க்குச் சொல்ல மாட்டார்கள். அவள் ஒரு வருடம் அங்கேயே தங்கி மற்ற குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வேண்டும், கூலி இல்லாமல். செலெஸ்தேயின் பெயருக்கு எதிரே அவள் பால் கொடுத்த குழந்தைகளின் எண்கள் வரிசையாக இருந்தன. பதினொரு எண்கள். அதில் 31 இல்லை.

காகிதக் கட்டில் மூன்று மனுக்கள். யாரோ எழுத்துத் தெரிந்தவரைக் கொண்டு எழுதி, கீழே சிலுவைக் குறி போட்டிருந்தாள். மகனைத் திருப்பித் தரும்படி மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் ஒரே பதில்: ஊர்ப் பாதிரியார் நன்னடத்தைச் சான்று தர மறுத்துவிட்டதால் மனு தள்ளுபடி. மூன்றாவது மனுவை லொரெதானா வாய்விட்டுப் படித்தாள்.

"எனக்குப் பால் இன்னும் வற்றவில்லை. தினமும் பிறத்தியார் பிள்ளைக்குக் கொடுக்கிறேன், என் பிள்ளைக்குக் கொடுக்க விடுங்கள். அதுவும் ஆகாது என்றால், அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் சொல்லுங்கள்."

தள்ளுபடிக்குக் கீழே, இல்லத்தை நடத்திய ஆறு கனவான்களின் கையெழுத்து. கோந்தி என்று ஒரு பெயர் இருக்காதா என்று நான் ஆசையோடு தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எல்லாம் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்!

ஆர்ஜியா அழவில்லை. கைப்பையைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

"எங்கப்பா எழுபத்திநாலு வயசு வரைக்கும் தினம் இவளைத் திட்டினாரு" என்றாள். "இந்த ஆறு பேரை ஒரு நாள்கூடத் திட்டலை. இவனுங்களைத் தெரியவே தெரியாது. பேரைச் சொல்லும்மா, ஒவ்வொண்ணா. எழுதிக்கறேன்."

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகராட்சி மண்டபத்தில் புத்தக வெளியீடு. கோந்தி மேடையில், பக்கத்தில் மேயர், கீழே முந்நூறு பேர். ஓரத்து மேசையில் புத்தக அடுக்கு. கோந்தி பேசி முடித்து, "கேள்வி ஏதாவது?" என்றார்.

ஆர்ஜியா எழுந்தாள். "கேள்வி இல்லை. நீங்க எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு, படிக்கறேன்."

மூன்றாவது மனுவைப் படித்தாள். பிறகு தள்ளுபடி உத்தரவை. பிறகு ஆறு பெயர்களையும், நிறுத்தி நிறுத்தி. எங்கள் ஊரில் எஸ்போஸ்திகள் இன்னும் நாலு குடும்பம் உண்டு. அவர்களில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

கோந்தி இருமினார். "மிக உருக்கமான ஆவணம். இரண்டாம் பதிப்பு வந்தா அவசியம் சேர்க்கறேன்."

"இரண்டாம் பதிப்பு வர்றதுக்குள்ள இந்தப் பிள்ளைங்களுக்கு மீசை முளைச்சுடும் ஐயா. இதுலயே சேர்த்துடுவோம்."

லொரெதானா தட்டச்சு செய்து கொடுத்த துண்டுச் சீட்டுகளை ஆர்ஜியா பையிலிருந்து எடுத்தாள். நானூறு சீட்டு. காலையில் நான் காய்ச்சிய மாவுப்பசை ஒரு குண்டானில் என் காலடியில் இருந்தது. "எடு நோர்மா" என்றாள். நான் எடுத்தேன்.

"இது என் புத்தகம்! தொடாதே!" என்று கோந்தி கத்தினார். "மேயர், பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

மேயர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வருடம் தேர்தல்.

முதலில் நாங்கள் இருவர்தான் ஒட்டினோம். பிறகு மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுந்து வந்தாள், அன்றைக்குச் சிரித்தவள். குண்டானிலிருந்து ஒரு தூரிகையை எடுத்தாள். அப்புறம் மொந்தனாரி வீட்டுப் பெண்கள், பார்பியேரி மருமகள். நூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தில், 'வெட்கமற்ற தாய்மார்கள்' என்ற வரியின் மேலேயே, செலெஸ்தேயின் மனு ஏறி உட்கார்ந்தது. ஒரு மணி நேரத்தில் மேசையில் இருந்த அத்தனையும் முடிந்தது.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தது. பணி நேரத்தில் மணி அடிக்கத் தவறியது, மேலதிகாரியைப் பொதுவில் அவமதித்தது. பதினொரு கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். மழையிலும் பனியிலும் சைக்கிளில்தான் போனாள். அடுத்த வருடம் உள்ளூர் வரலாற்றுப் பணிக்காகக் கோந்திக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாற்றல் வந்த கோடையிலேயே லொரெதானாவிடமிருந்து கடிதம் வந்தது. தன் ஓய்வு நேரத்தில் தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பதிவேடுகளில் தேடியிருக்கிறாள். ஆர்ஜியா அதை என் வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

செலெஸ்தே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இல்லத்திலிருந்து வந்த பிறகு ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் சத்திரத்தில் சலவை வேலைக்குச் சேர்ந்தாள். 1919இல் இறக்கும்வரை அங்கேயேதான். அந்தக் கிராமம் எங்களுக்கு ஒன்பது கிலோமீட்டர். வண்டிக்காரர்கள் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நிற்கிற சத்திரம் அது.

"எங்கப்பா பதினெட்டு வருஷம் அந்த வழியா செங்கல் ஏத்திட்டுப் போனாரு" என்றாள் ஆர்ஜியா. "வாரத்துக்கு மூணு தடவை. அங்கதான் நிறுத்துவாரு. அவ துணி காயப்போடறதைப் பாத்திருப்பாரு. தண்ணி கேட்டிருப்பாரு."

நான் அவள் கையைத் தொட்டேன். தட்டிவிட்டாள்.

"ஆறு பேரும் செத்தாச்சு. குமாஸ்தா செத்தாச்சு. சான்று தர மாட்டேன்னானே, அந்தச் சாமியும் செத்தாச்சு. யாரை அடிக்கணும்னு சொல்லு நோர்மா, போய் அடிச்சுட்டு வரேன்."

ஒயின் ஊற்றினேன். குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

1994இல் ஆர்ஜியா இறந்தாள். அடக்கத்தின்போது புதிதாக வந்திருந்த இளம் பாதிரியார், எல்லா மனஸ்தாபங்களையும் விட்டுவிட்டு அமைதியோடு போனாள் என்று பிரசங்கம் செய்தார். நான் முன் வரிசையில் இருந்தேன். எனக்கு அப்போது எழுபது வயது, முழங்கால் வலி. ஆனாலும் எழுந்து நின்றேன்.

"இல்லைங்க சாமி" என்றேன். "அவ கடைசி வரைக்கும் கோபமாத்தான் இருந்தா. அதை அவகிட்டேர்ந்து எடுத்துடாதீங்க."

எனக்குப் பக்கத்தில் மாரா எழுந்து நின்றாள்.