மருதமுத்து அண்ணன் உட்கார்ந்த நாற்காலி

மருதமுத்து அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலையில், பண்டாரவளையில். அவர் மகள் இங்கே பேஸ்புக்கில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர் என்று கீழே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். நானும் 'நல்ல மனிதர்' என்று டைப் செய்தேன்... அழித்துவிட்டேன்.

மகளே, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தெரியாததை எழுதிப் பழக்கமில்லை எனக்கு.

ஐம்பதுகளின் கடைசி. பதுளையில் கல்லூரி என்று அழைக்கப்பட்ட ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். எனக்குப் பதினாறு வயது. ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போய் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண்பிள்ளை. அண்ணனும் தோட்டத்துப் பிள்ளைதான், எனக்கு இரண்டு வகுப்பு மேலே.

அந்த வருஷம்தான் ஹாஸ்டல் கமிட்டியில் மாணவர்களுக்கும் ஓர் இடம் என்றார்கள். நாங்கள் மூன்று பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஒருவரை அதிபர், அதாவது எங்கள் தலைமையாசிரியர், எடுப்பார்.

மருதமுத்து அண்ணனை எடுத்தார். தோட்டத்து ஜனங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று இலங்கை அரசு பிரஜாவுரிமை தராமல், விண்ணப்பித்துக் காத்திருக்க வைத்த காலம் அது. அந்த மூன்று பேரில் அவர் வீட்டுக்கு மட்டும்தான் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்திருந்தது. அப்போது யாரும் இதை யோசிக்கவில்லை. நான் பிறகு யோசித்தேன். நிறைய.

ஏனென்றால் கமிட்டிக்கு வந்த முதல் விஷயமே அதுதான். பத்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை அடுத்த பள்ளித் தவணைக்கு ஹாஸ்டலில் வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா?

எங்கள் அப்பாவின் விண்ணப்பத்துக்கு அப்போது பதிலே வரவில்லை. ஹாஸ்டல் இல்லையென்றால் எனக்குப் படிப்பும் இல்லை.

கூட்டம் நடந்த அன்று நானும் என் சிநேகிதி லெச்சுமியும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

அண்ணன் உள்ளே போய்க் கையைக் கட்டி நின்றார். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஏன் தம்பி நிக்கிறீர்? இந்தக் கதிரையிலை இரும். தேத்தண்ணி குடியும்" என்றார்.

அண்ணன் உட்கார்ந்தார். டீயும் குடித்தார்.

லெச்சுமி என் கையைக் கிள்ளினாள். "போச்சுடி... ஒக்காந்துட்டாரு!"

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது விளங்காது. எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தோட்ட ஆபீசுக்குப் போனால், மேனேஜரான துரைக்கு முன்னால் நின்றுதான் பேசுவார். துரை நாற்காலியைக் காட்டி, இவரும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தால் அன்றோடு அவர் துரையின் ஆள். பிரதிநிதி என்றால் எங்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் அண்ணனைப் பிடித்துக்கொண்டோம்.

"என்னண்ணே, டீக்குச் சீனி போதுமா இருந்துச்சா?" லெச்சுமிக்கு வாய் நீளம்.

"ஒக்காரச் சொன்னாரு, ஒக்காந்தேன். நின்னுக்கிட்டே பேசினா மட்டும் கேட்டுருவாங்களா?"

"எங்கப்பா பத்து வருசமா தலைவரு. துரைகிட்ட ஒருநாளும் ஒக்காந்து பேசினதில்ல" என்றேன்.

"ஒங்கப்பா கேட்டதுல எதத் துரை குடுத்தாரு? சொல்லு பாப்போம்."

சுருக்கென்றது. அதனாலேயே சந்தேகம் கூடியது. உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் முடிவாகல. அடுத்த வாரம் திரும்பக் கூடுறாங்க. அதுவரைக்கும் வெளிய சொல்லக் கூடாதாம்."

வெளியே சொல்லக் கூடாதாம்! யாருக்காக உள்ளே போனார்?

"அப்ப நீங்க எங்க ஆளில்ல. இனிமே உள்ள போகாதீங்க."

ஆமாம், சொன்னது நான்தான். அவர் எங்கள் பிரதிநிதி இல்லை என்று அதிபருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் வாங்கிப் படித்துப் பார்த்தார். "சரி, குடுங்க" என்று திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

வேறு ஆளை எடுக்கச் சொல்லிக் கேட்டோம். "அதை வாற வருசம் பாப்பம்" என்றார் அதிபர்.

அடுத்த வாரக் கூட்டத்தில் மாணவர் என்று யாருமே இல்லை. பத்திரம் இல்லாதவர்கள் போக வேண்டும் என்று முடிவானது. 'ஏகமனதாக' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள்.

நானும் லெச்சுமியும் தகரப்பெட்டியோடு பஸ் ஏறினோம். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அடுப்படியில்... சாமான் சுற்றி வந்த பேப்பர், தேவாரப் புத்தகம், பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள்.

மருதமுத்து அண்ணன் படித்து முடித்து வாத்தியார் ஆனார்.

போகாதே என்றதும் ஏன் அவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தார்? ஒரு வார்த்தை சண்டை போட்டாரா? மனம் நொந்து விலகினாரா, இல்லை, நல்லதாகப் போயிற்று என்று விலகினாரா? முருகா... எத்தனை தடவை கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பேன்.

பல வருஷம் கழித்து அப்புத்தளை ஸ்டேஷனில் கண்டேன். என் இடுப்பில் பிள்ளை. நலம்கூட விசாரிக்கவில்லை, நேராகக் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு எங்களுக்காகப் பேசினீங்களா இல்லியா?"

கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"மொதக் கூட்டத்துலயே அனுப்பிடப் பாத்தாங்க. நான்தாம்மா ஒரு வாரம் தள்ளிப்போட வச்சேன். ரெண்டாவதுக்கு என்னைய நீங்க விடலியே."

ரயில் வந்தது. ஏறிவிட்டார்.

உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் என் பெட்டியை நானேதான் கட்டியிருக்கிறேன். பத்திரம் கையில் இருந்த ஒருவர் சொல்ல வசதியான பதிலாகவும் இருக்கலாம்.

கூட்டக் குறிப்பு எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்த அறையில் இருந்த மற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். இன்று கடைசி ஆளும்...

அண்ணே, காலைப் பூசையில் உங்கள் பெயரையும் சொன்னேன். நம்பிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.