சிவப்புக் கோடு

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு காசநோய் கிளினிக்கில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் நாளே, பதிவேட்டிலிருந்து நோயாளியின் பெயரை எப்படி அடிப்பது என்று தலைமை எழுத்தர் சொல்லிக் கொடுத்தார்.

"ஒழுங்கா வராதவுகளை அவுக ஊருக்குப் பக்கத்து டிஸ்பென்சரிக்கு மாத்தி விட்ருங்க. சிவப்பு மையில ஒரு கோடு. மருந்தை விட்டுப்போனவுக கணக்குல நமக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாக."

மாற்றல் சீட்டு இரண்டு பாதியாக இருக்கும். ஒன்றை நோயாளி கொண்டுபோவார். மற்றதை அவருடைய மருந்துக் கார்டோடு அந்த டிஸ்பென்சரிக்குத் தபாலில் அனுப்புவோம். ஆள் வந்து சேர்ந்ததும் அங்கிருப்பவர்கள் அந்தப் பாதியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததைக் குத்தி வைக்க என் மேசையில் ஒரு கம்பி இருந்தது. அது பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

1. ஆசாரியின் மனைவி

நெற்குப்பை முத்துக்கருப்பன் ஆசாரி ஏழு மாதம் ஒழுங்காக மாத்திரை வாங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட வேண்டிய மருந்து அது. பாதியில் விட்டால் நோய் திரும்பும், பிறகு அதே மாத்திரைக்குக் கேட்காமலும் போகும். உடம்பு தேறியதும் கதவு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு முறை வரவில்லை. அவர் பாதிச் சீட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து டிஸ்பென்சரிக்கு மாற்றிக் கோடு போட்டேன்.

சில வாரம் கழித்து அவர் மனைவி வள்ளிக்கண்ணு வந்தார்.

"சார், கார்டு வரலைன்னு அங்குட்டு மருந்து தர மாட்டேங்கிறாக. மூணு நட நடந்துட்டேன். நீங்களே குடுத்து விடுங்க."

"கார்டு அனுப்பியாச்சும்மா. இங்க அவரு பேரு இல்ல. அங்கேயே போய்க் கேளுங்க."

தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன். அனுப்பியாச்சு என்றால் தபாலில் போட்டாயிற்று, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது என் வேலை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

2. டாக்டரின் கேள்வி

மறு வருடம் புதிய டாக்டர் வந்தார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அனுப்பின கணக்கு இருக்கு. போய்ச் சேர்ந்த கணக்கு எங்கய்யா?"

சிவப்புக் கோடு போட்ட பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு சைக்கிளில் ஒவ்வொரு டிஸ்பென்சரியாகப் போனேன். அங்கிருந்த பதிவேடுகளில் பாதிப் பெயர்கூட இல்லை. எங்களுக்கு அவர்கள் போனவர்கள், அங்கே அவர்கள் வராதவர்கள். இரண்டு பக்கமும் கணக்கு சுத்தமாக இருந்தது.

நெற்குப்பையில் ஆசாரி கட்டிலில் கிடந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க சார். மாத்திரை கொண்டாந்தீகளா?"

என் கையில் நோட்டு மட்டும்தான் இருந்தது. பெயர்களை எண்ணத்தான் போயிருந்தேன். வள்ளிக்கண்ணு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அவமானம் இன்றும் போகவில்லை.

மறுநாளே டாக்டர் மாத்திரை கொடுத்தனுப்பினார். ஆசாரியை எங்கள் பதிவேட்டில் திரும்பச் சேர்க்க, டிஸ்பென்சரியிலிருந்து மாற்றல் சீட்டு வர வேண்டும். "எங்ககிட்ட வராத ஆளை நாங்க எப்புடிங்க திருப்பி அனுப்புறது?" என்றார் அங்கிருந்த கம்பவுண்டர். அவர் சொன்னதும் சரிதான். அந்தச் சீட்டு வரவே இல்லை. நோயும் மாத்திரைக்குக் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் ஆசாரி போய்ச் சேர்ந்தார்.

நான் எடுத்த கணக்கை டாக்டர் மேலே அனுப்பினார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று திரும்பி வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி அடுத்த இடத்தில் மருந்து வாங்கினார் என்று தெரியும்வரை பெயரை அடிக்காதீர்கள். அப்போது, ஆசாரி இறந்ததைக் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். பதிவேட்டை எடுத்தேன். எங்கள் புத்தகத்தில் அவர் பெயர் மேல் நான் போட்ட கோடு இருந்தது. டிஸ்பென்சரியின் புத்தகத்தில் பெயரே இல்லை. அந்தச் சாவை எழுத எங்கேயும் இடமில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.