டீச்சருக்கு நான் கொடுத்த வாக்குத்தத்தம்

என் மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிது. சார்ட் பேப்பரில் வெட்டியது. நான்கு மூலைகளையும் கத்தரிக்கோலால் வளைத்துவிட்டவள் என் மனைவி. நீல மசியில் இருக்கும் எழுத்து என்னுடையது. வியாதியில் கிடக்கிறவன் சாகமாட்டான், எழுந்து நடமாடி, கர்த்தர் தனக்குச் செய்ததை ஊருக்குச் சொல்லுவான் என்ற கருத்துள்ள வசனம். முப்பத்தைந்து வருஷம் போதகராக இருந்து நான் எழுதிய பிரசங்கங்களையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாயிற்று. இந்த ஒரு அட்டையைப் போடவும் முடியவில்லை, நிம்மதியாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

எங்கள் சபைகளில் வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தம் எடுப்பது வழக்கம். வேதத்திலிருந்து நல்ல நல்ல வசனங்களாகப் பொறுக்கி, அட்டைக்கு ஒன்றாக எழுதி, ஒரு ஓலைப்பெட்டியில் போட்டுக் குலுக்கிப் போதகர் பிடித்துக்கொண்டு நிற்பார். சபையார் வரிசையாக வந்து, கண்ணை மூடிக் கையை விட்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தனக்கென்று சொல்லும் வார்த்தை அதுதான் என்று பத்திரப்படுத்துவார்கள். சாபங்களை யாரும் அட்டையில் எழுதுவதில்லை. ஆனாலும் முந்நூறு பேருக்கு எழுதும்போது பலமான வசனங்கள் பாதியிலேயே தீர்ந்துவிடும். பிறகு சமாதானமாயிரு, சோம்பலாயிராதே என்று புத்திமதிகளை எழுதி ஒப்பேற்ற வேண்டியதுதான். கடைசியில் பெட்டியில் மிஞ்சும் ஒரு அட்டை போதகருக்கு. அதுவும் வழக்கம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயப்பேட்டையில் எனக்கு முதல் சபை. வயது முப்பதுகூட ஆகவில்லை. டீச்சர் அந்தச் சபையில் பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் உட்காருவார். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார். அவர் கணவர் பஸ் கண்டக்டர். பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு ஒருவர்தான் எல்லாம். டீச்சர் இலக்கணமாகப் பேசுவார். கண்டக்டர் பேசினால் அடையாறிலிருந்து பாரிமுனை வரைக்கும் பஸ் முழுதும் சிரிக்கும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கண்டக்டருக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுத்து எடுத்தால் பிழைக்க வழி உண்டு, தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் மேசைமேலேயே உயிர் போய்விட்டால் என்ன செய்வது என்று டீச்சருக்குப் பயம். கண்டக்டர் முடிவை மனைவியிடம் விட்டுவிட்டார். "அது இன்னா சொல்லுதோ அதான் பாஸ்டர். வூட்லயும் அதுதான் டீச்சரு" என்று கட்டிலில் கிடந்தபடியே கண்ணடித்தார்.

டீச்சர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "வருஷப் பொறப்புக்கு ஆண்டவர் எனக்கு என்ன வசனம் கொடுக்கறார்னு பாத்துட்டு முடிவு பண்றேன் பாஸ்டர் ஐயா. அதுவரைக்கும் எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க." நானும் ஜெபித்தேன். ஜெபித்ததோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வருஷப் பிறப்பன்று காலை, வியாதிக்காரன் பிழைப்பான் என்ற அந்த ஒரு மஞ்சள் அட்டையை மட்டும் தனியே எடுத்துப் பெட்டியின் உள்விளிம்பில் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் கையை விட்டதும் விரலை எடுத்தேன். அட்டை அவர் கையில் போய் விழுந்தது. அவர் அதைப் படித்தார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், போய் உட்கார்ந்தார். இரக்கத்தால் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இரக்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கையால் ஒரு அற்புதம் நடக்காதா என்ற அற்ப ஆசையும் கூடவே இருந்தது. இந்த வசனத்தின் தைரியத்தில் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிடுவார், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கணக்கு டீச்சரிடமே கணக்குப் போட்டேன். தப்பாகப் போயிற்று. பிழைப்பான் என்று ஆண்டவரே சொன்ன பிறகு கத்தி எதற்கு என்று அவர் ஆபரேஷனே வேண்டாம் என்றுவிட்டார். டாக்டர் கேட்டுப் பார்த்தார், நர்ஸ் கெஞ்சிப் பார்த்தார். டீச்சர் கைப்பையைத் திறந்து அட்டையைக் காட்டினாராம்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் உயிரோடு இருந்தேன் என்றுதான் சொல்லலாம், வாழ்ந்தேன் என்று சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். இன்று சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டே படியேறுவேன். வார்டுக்குள் போனதும் வாய் வேறு எதையாவது பேசும். சொன்னால் அந்த அம்மாளின் விசுவாசம் உடைந்துபோகும் என்று ஒரு சாக்கு. ஒருவேளை ஆண்டவரே என் விரலைப் பயன்படுத்தியிருந்தால் என்று இன்னொரு சாக்கு. உண்மையில் சபையில் என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். அருமையாக இருந்தது என்று வாசலில் நாலு பேர் கைகுலுக்கினார்கள். கண்டக்டர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனார். ஒருநாள் டீச்சர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது என் கையைப் பிடித்து இழுத்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "கத்தி வாணாம்னுச்சே, இன்னொரு தபா யோசிச்சி சொல்லச் சொல்லு பாஸ்டர். எனுக்கு பயமா கீது. நீ சொன்னா அது கேக்கும்" என்றார். அன்றும் நான் சொல்லவில்லை. ஜெபம் செய்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, கட்டை விரலால் செய்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஏங்க, உங்க மானத்தைவிட அந்த மனுஷன் உசிரு பெருசில்லையா? நாளைக்கே போய்ச் சொல்லுங்க" என்றாள். அதற்குமேல் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் நாலு மணி இருக்கும். டீச்சர் வார்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பரீட்சைத் தாள்களை வைத்துச் சிவப்பு மசியில் திருத்திக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. "டீச்சர், அந்த அட்டை தானா வரல. நான்தான் உங்க கைக்கு வர்ற மாதிரி வச்சேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "தெரியும் பாஸ்டர் ஐயா" என்றார். "இருபது வருஷமா பரீட்சை ஹால்ல நிக்கறேன். கண்ணை மூடறதுக்கு முன்னாடி உங்க கட்டை விரலைப் பாக்காமலா இருப்பேன்? பாத்தேன். ஆண்டவர் உங்க கிட்ட சொல்லித்தான் செய்யறீங்கன்னு நெனச்சேன். தெய்வ பயம் உள்ள நீங்க, ஆண்டவர் சொல்லாம இப்படிச் செய்வீங்களான்னு நெனச்சேன். சொன்னார் இல்ல?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் நம்பியது அட்டையை அல்ல, என்னை. ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். நாக்கு அதற்கும் தயாராகத்தான் இருந்தது.

"இல்ல டீச்சர்."

"எதுவுமே சொல்லலியா?"

"எதுவுமே சொல்லல."

அவர் தாள்களை அடுக்கினார். ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தார். எழுந்து உள்ளே போய் நர்ஸிடம் சம்மதப் படிவத்தைக் கேட்டார். சிவப்பு மசி கூடாது என்று நர்ஸ் சொன்னதால் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தேன். அட்டைகள் எழுதிய பேனா அது. கையெழுத்துப் போட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு நாளில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் கோபிக்கவில்லை. கொஞ்சம் முன்னாடி ஒத்துக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். கண்டக்டர் பத்தொன்பது நாள் இருந்தார், பிறகு போய்விட்டார். அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். அந்தப் பதினோரு நாளும் வீணாகாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. அப்படித்தான் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். தெரியாது என்பது எப்படி ஆறுதலாகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டீச்சர் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. அதே பெஞ்சில் உட்காருவார். யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. நற்கருணைக்கு வந்து முழங்காலிட்டுக் கையை ஏந்துவார். நான் அப்பத்தை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். கட்டை விரலைப் பார்ப்பார். அடுத்த வருஷப் பிறப்புக்கு என் மனைவி ரோஸ் நிற அட்டைகள் வெட்டியிருந்தாள். டீச்சர் வரிசையில் கடைசியாக வந்தார். பெட்டியில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்தார். பிறகு கைப்பையைத் திறந்து பழைய மஞ்சள் அட்டையை எடுத்து, பெட்டியில் மிஞ்சியிருந்த ரோஸ் அட்டையின் மேல் வைத்தார். "இது உங்களுக்கு பாஸ்டர் ஐயா" என்றார். அந்த வருஷமே எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அவர் எனக்குத் தந்தது மன்னிப்பா தண்டனையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்கும் தைரியம் வந்தபோது அவர் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கட்டில்களின் அருகில் நின்று ஜெபித்திருக்கிறேன். ஒருவரிடமும் பிழைப்பீர்கள் என்று சொன்னதில்லை. இந்தப் பாஸ்டர் ஜெபத்தில் அக்கினியே இல்லை என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். விசுவாசத்தின்படி நடப்பது என்றால் என்ன என்று இளம் போதகர்கள் கேட்டால், கேட்காத சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லாமல் இருப்பது என்பேன். அவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். எனக்கும்தான். அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவையாவது கேட்காதா என்று காத்திருந்தே கிழவனாகிவிட்டேன்.

இப்போது பெசன்ட் நகரில் மகன் வீட்டில் இருக்கிறோம். என் மனைவி படுத்த படுக்கை. பார்வையும் போய்விட்டது. டாக்டர் சொன்னதை நான் அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த வருஷப் பிறப்புக்குக் கோயிலிலிருந்து அட்டைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். பளபளவென்று பூப்படம் போட்டவை. விரித்துப் பிடித்தேன். அவள் தடவித் தடவி ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள்.

"என்ன வந்திருக்கு, படிங்க" என்றாள்.

இழுப்பறை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, மஞ்சள் அட்டையில் இருப்பது எனக்கு மனப்பாடம். அவள் முகத்தைத் தூக்கி என் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கையிலிருந்த அட்டையைப் படித்தேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று இருந்தது.

"இது புத்திமதியாச்சே. வாக்குத்தத்தம் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல. இவ்வளவுதான் போட்டிருக்கு."

அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். கட்டை விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.