கழுவாத சாம்பல்

போன மாதம் என் மகளின் பள்ளிக்குள் ஏதோ ஒரு வாயு புகுந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் சாய்ந்துகிடந்தவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். பிழைத்துக்கொண்டாள். நான்தான் இன்னும் அவள் கண் அயர்ந்தால் போதும், மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

அந்த வாரமே ஜெபக் கூட்டத்தில் ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல ஜெபம் கொறஞ்சா இப்டித்தான் சிஸ்டர், ஆண்டவரு தட்டிக் காட்டுவாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் எங்கள் பகுதிக் காற்றைச் சோதித்துச் சொல்லும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் வரும்வரை விடப்போவதில்லை. ஜெபத்தையும் விடப்போவதில்லை. இரண்டுக்கும் நடுவே எனக்குச் சண்டை எதுவும் இல்லை. இது படித்து வந்ததல்ல. ஒன்பது வயதில், எண்ணூரில், ஈஸ்டருக்கு முந்தைய ஒரு தவக்காலத்தில் அம்மாவிடம் பார்த்தது.

அம்மா உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பேசும் வேலையை வீட்டில் அம்மாவிடமே விட்டிருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்கள் பங்குத் தேவாலயத்தின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுத்திரி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எல்லோர் நெற்றியிலும் சிலுவையாக இடும் சாம்பலைத் தயாரிப்பதும் அவர்தான். முந்தைய வருடம் குருத்தோலை ஞாயிறன்று வாங்கிப்போய் வீடுகளில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஓலைச் சிலுவைகளைச் சேகரித்து, எரித்து, மெல்லிய துணியில் சலித்து எடுப்பார். அனல்மின் நிலையத்தின் சாம்பல் எங்கள் துணிக்கொடியில் தினமும் விழுந்துகொண்டிருந்த காலம் அது. "நம்ம ஏரியால வருஷம் பூரா சாம்பல் புதன்தான், நான் எதுக்கு ஓலையக் கொளுத்திக்கினு கெடக்கேன்?" என்பார். வருடா வருடம் இதே நகைச்சுவை. வருடா வருடம் அவர் மட்டும் சிரிப்பார்.

முந்தைய வருடம் கடற்காற்றில் சாம்பல் பறந்து பாதிப்பேர் கண்ணில் விழுந்துவிட்டது. அதனால் அந்த முறை சித்தப்பா முதல் நாளே சாம்பலில் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து வைத்துவிட்டார். சிலுவை ஒவ்வொரு நெற்றியிலும் அச்சுப் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. சாமியாரே அவரைப் பாராட்டினார்.

மாலைக்குள் நெற்றிகள் எரியத் தொடங்கின. மறுநாள் பலருக்குச் சிவந்து தடித்திருந்தது. என் அக்காவுக்குத் தோலே வெந்துவிட்டது. நெற்றி நடுவில் சிலுவை வடிவத்தில் கொப்புளம்.

அக்காவுக்கு ராயபுரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடிந்ததும் கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் இருவர் பெயரையும் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். முதல் ஓலை வாசித்தாகியிருந்தது. யாரும் தடை சொல்லவில்லை. இப்போது குழாயடி சொல்லத் தொடங்கியது.

"மெய்யாலுமே பாவம் பண்ணவங்களுக்குத்தான் எரியுதாம்டி. டீச்சரம்மா பொண்ணுக்கு சாமியே சூடு வெச்சிக்கீது பாரு."

"இன்னாத்தப் பண்ணுச்சோ."

"காலேஜுக்கு டெய்லி ட்ரெயின்ல போய்க்கினு வருதுல்ல? இன்னாத்தப் பண்ணுச்சோன்னு கேக்குற!"

குடத்தோடு நின்ற என்னைப் பார்த்ததும் தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைத் தொடாமல் பேசினார். "எங்களுக்கு ஒண்ணுமில்ல டீச்சர். ஊர் வாய் கீதே. நாளைக்கு ஓலைய வாசிக்க வாணாம்னு ஃபாதராண்ட சொல்லிட்டேன்." அக்கா திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் சித்தப்பா குழந்தைபோல் அழுதார். "அண்ணி, என் கையாலதான் வந்துச்சா இது? ஓலைல எதுனா விஷம் பட்டிருக்குமா?"

அம்மா அழவில்லை. "அத்தக் கொழச்சு எவ்ளோ நேரம் வெச்சிருந்த?" என்று கேட்டாள்.

"ராத்திரி பூரா ஊறுச்சு அண்ணி."

"மிச்சம் கீதா?"

புனிதப்படுத்திய சாம்பலை எறியக் கூடாது என்பதால் கிண்ணத்தோடு மூடி வைத்திருந்தார். அம்மா அதை வாங்கி முகர்ந்தாள். அன்று மாலையே சாமியாரைப் பார்க்கப் போனாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்துப் பூவரச மரத்தடியில் அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டாள். சாமியாரிடம் முன்பே கேட்டு வைத்திருந்ததால் அவரே எல்லோரையும் நிற்கச் சொன்னார். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். சாம்பல் கரைந்த தண்ணீரை அதன்மேல் தொட்டு வைத்தாள். மஞ்சள் சிவப்பாயிற்று.

அம்மா எதிர்பார்த்தது அதைத்தான். அதற்கடுத்து நடந்ததை எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

"ரத்தம்! ஆண்டவரோட ரத்தம்!" என்று ஒரு பெண் மண்டியிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். ஒருவர் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினார். அம்மா அவசரமாக எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தாள். சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் திரும்பியது.

"கண்ணுக்கு முன்னாடி ஒரு அற்புதத்தக் காட்டி, எலுமிச்சம்பழத்த வெச்சு முடிச்சிட்டியே டீச்சரு!" என்றது ஒரு ஆண் குரல்.

"நான் அற்புதத்துக்கு எதிரி இல்ல அண்ணே" என்றாள் அம்மா. "ஆரத்தி கரைக்கும்போது மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்குதா இல்லியா? அது காரம். சாம்பத் தண்ணியும் காரம். ரொம்ப நேரம் தோல்ல இருந்தா வேகும். இது ஆண்டவர் படைச்ச சாம்பலோட கொணம். அவரு கோவமில்ல."

பிறகு, புதன்கிழமை நெற்றியைச் சீக்கிரம் கழுவியவர்கள் யார் என்று கேட்டாள். தயங்கித் தயங்கிச் சில கைகள் உயர்ந்தன. குழாயடிக் கைகள் எல்லாம் அதில் இருந்தன. அந்த நெற்றிகள் பளிச்சென்று இருந்தன. மாலைவரை வைத்திருந்தவர்கள் யார் என்று கேட்டாள். பாடகர் குழுவின் மூத்த அம்மாள், தினப் பூசை தவறாத இரண்டு பெரியவர்கள், சித்தப்பா. பங்கின் பக்திமான்கள் எல்லோரும் பாவிகளின் வரிசையில் நின்றார்கள்.

"ஃபாதர், ஒங்க கட்ட வெரலக் கொஞ்சம் காட்டுங்க."

கத்தி பட்டுவிட்டது என்று சொல்லித் துணி சுற்றியிருந்தார். சற்று யோசித்துவிட்டு அவிழ்த்துக் காட்டினார். நுனியில் தோல் உரிந்திருந்தது.

"ஃபாதர், நீங்க இன்னா பாவம் பண்ணீங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. "ஒங்க நெத்தியெல்லாம் தொட்டேன்ல, அதான்" என்று அவரும் சிரித்தார்.

அம்மா சொல்லியனுப்பியதால் வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அல்லாருக்கும் லேசா கீது. இவளுக்கு மட்டும் ஏன் இப்டி வெந்துச்சு? நாள் பூரா கழுவாம வெச்சிருந்தான்னா அத்த யாரு கண்டது?"

அம்மாவிடம் அதற்கு மஞ்சள் தாள் இல்லை. கிண்ணத்தை அருகில் இழுத்து வைத்தாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். சாமியார் சாம்பல் பூசும்போது சொல்லும் "மனந்திரும்பி நற்செய்தியை நம்பு" என்ற வார்த்தைகளைத் தனக்குத்தானே முணுமுணுத்தபடி, கட்டைவிரலைச் சாம்பலில் தோய்த்துத் தன் நெற்றியில் அழுத்திச் சிலுவை இட்டாள்.

"எங்கூட வூட்டுக்கு வாங்க. சாயங்காலம் வரைக்கும் கூடவே குந்திக்கினு பாருங்க. அதுக்கப்புறம் ஓலைய வாசிக்கலாமா வாணாமான்னு நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மாள் வந்தார், உட்கார்ந்தார். இம்முறை காபியைக் குடித்தார். வெயில் ஏற ஏற அம்மாவின் நெற்றி வியர்த்தது. வியர்வையில் சாம்பல் இன்னும் ஊறியது. எனக்கு ஒரே கொண்டாட்டம். அடிக்கொரு தரம் அருகில் போய், சிவந்துவிட்டதா என்று பார்த்தேன். எனக்கிருந்த ஒரே மனக்குறை அந்த முணுமுணுப்புதான். சோதனை சரியாக வருமோ வராதோ என்று பயந்து ஜெபித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிற்பகலில் அம்மா சமையலறைக்குள் வந்தபோது, அக்கா ஈரத் துண்டோடு அவள் முன்னால் நின்றாள்.

"தொடச்சிடும்மா. போதும். நீ சொல்லித்தான் வெச்சிருந்தேன்னு நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

"ஓலை வாசிச்ச பொண்ணு, பொழுது சாயற வரைக்கும் கழுவாதன்னு ஒன்னாண்ட சொல்லிட்டு, நான் ஸ்கூலுக்குப் போனதும் கழுவிட்டேன்டி" என்றாள் அம்மா. துண்டை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு, மறுபடி மாப்பிள்ளையின் அம்மா எதிரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாலையில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அம்மாவின் நெற்றியைக் கிட்டத்தில் பார்த்தார். நேரே சாமியாரிடம் போனார். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது.

அம்மா சாம்பல் இட்டுக்கொண்ட மறுநாளே வகுப்பில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்: எங்கம்மா தன் நெற்றியிலேயே ஒரு சோதனை செய்தாள், முடிவு சரியாக வந்தது என்று. முடிவு அவளுக்கு முன்பே தெரியும், அவள் செய்தது சோதனையல்ல, பரிகாரம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.