கஷ்டம் பார்க்க வந்த மேடம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் செட்டி ஊர்வலம் போனது. மூன்று பேர் உட்காரும் குஷன் சோபாதான் அது. முன்னால் செல்வராஜ், பின்னால் நான். தேயிலைத் தோட்டத்து லயம், ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய வீடுகள்; வாசலெல்லாம் மழைத் தண்ணீர். செட்டியின் கால் நனையாமல் நாலாவது வீடான அவர் வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

விஷயம் இதுதான். செல்வராஜின் மகள் கீர்த்தனா, பல்கலைக்கழகத்தில் கல்விப் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். டீச்சருக்குப் படிக்கப் போகிறாள்! ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் சேமிப்பை அந்தப் பீடத்திடமே ஒப்படைத்திருக்கிறாராம். முதல் பணத்தைத் தொடமாட்டார்கள். வருகிற வட்டியில், வசதியில்லாத பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில். கீர்த்தனாவும் விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் கேம்பஸ். கிடைக்காவிட்டால்... அவளுடைய அக்கா வேலை செய்கிற கொழும்புத் துணிக்கடை. அங்கே பேசி வைத்தாகிவிட்டது.

அப்போதுதான் பீடத்திலிருந்து போன் வந்தது. வீட்டைப் பார்க்க வருகிறார்களாம்.

வீட்டை ஏன் பார்க்க வேண்டும்? வீடா படிக்கப் போகிறது?

எனக்கு உடனே சந்தேகம். சும்மா கொடுக்க வருகிறவர்களை லிந்துலைப் பக்கம் நாங்கள் நிறையவே பார்த்துவிட்டோம். வருவார்கள். பிள்ளையைக் கதவோரம் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். அடையாள அட்டைக் கொப்பி கேட்பார்கள். டீ குடிப்பார்கள். அதோடு சரி!

"எதுலயும் கையெழுத்து மட்டும் வச்சிராதீங்க" என்றேன்.

செல்வராஜின் மனைவி ராஜிக்கு வேறு கவலை. "கையெழுத்து கெடக்கட்டும்ண்ணே... வாறவங்கள எங்க உக்கார வைக்கிறது?"

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால், மற்ற வீடுகளின் சாமான் எல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான், பெரிய ஆள் யாரும் வந்தாலும் அப்படித்தான். கேட்கக்கூட வேண்டாம். என் வீட்டிலிருந்து செட்டி. மேரி அக்கா வீட்டிலிருந்து பெரிய டீவி. இன்னொரு வீட்டிலிருந்து பூப்போட்ட கப். யாரோ ஒரு ஃபேனையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்தக் குளிரில் ஃபேன் எதற்கு? பார்க்க அழகாக இருக்குமாம்.

வந்தவர்கள் இரண்டு பேர். யாழ்ப்பாணத்து மேடம் ஒருவர், கூட ஒரு கிளார்க். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மேடம் உட்கார்ந்தார். குஷனைக் கையால் அழுத்திப் பார்த்தார். டீவியைப் பார்த்தார். ஃபேனை இரண்டு தடவை பார்த்தார்.

"வசதியில்லை எண்டு உங்கட மகள் எழுதியிருக்கிறா. இஞ்ச பாத்தால் எல்லாம் கிடக்குதே?"

செல்வராஜ் எழுந்து நின்றார். "ஆமாங்க. ஒரு கொறையும் இல்லிங்க."

"சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுறியளோ?"

"ச்சே! அப்படியெல்லாம் இல்லிங்க. நல்லா இருக்கோம்."

"இன்னொரு துண்டு கேக் எடுத்துக்குங்க மேடம்" என்றாள் ராஜி.

வீட்டுக்கு வந்தவரிடம் வயிற்றுப்பாட்டைச் சொல்வது எங்கள் வழக்கமில்லை. கை நீட்டுவதுபோல் ஆகிவிடும். மேடத்துக்கு அது எப்படித் தெரியும்? அவர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் அவரைச் சந்தேகமாகப் பார்த்தேன். கிளார்க் கேக்கைப் பார்த்தார்.

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போச்சு, கொழும்புத் துணிக்கடைதான் என்று நினைத்தேன்.

"மேடம்..." கீர்த்தனாவின் குரல். "இந்த செட்டி எங்களுது இல்ல. அந்தா நிக்கிறாரே, அந்த மாமா வீட்டுது. டீவி மேரி பெரியம்மாவோடது. நீங்க குடிச்ச கப்பும் எங்களுது இல்ல."

"வாய மூடுடி!" என்றாள் ராஜி. முகம் சிவந்துவிட்டது.

மேடம் உருகிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை!

"அப்பிடியெண்டு நான் எப்பிடி நம்புறது? இப்பவே கொண்டுபோய்க் குடுங்கோ. நான் பாக்கிறன்."

மறுபடியும் ஊர்வலம். செட்டி, டீவி, ஃபேன், பின்னால் குடையோடு மேடம். வாசலுக்கு வாசல் சனம். என் வீட்டில் செட்டி இருந்த இடம் வெறுமையாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார்.

மேரி அக்காவிடம் டீவியைக் காட்டி, "இது உங்கடையோ?" என்றார்.

கையில் பேனா, பின்னால் கிளார்க். மேரி அக்கா பதறிவிட்டார். "தவணையெல்லாம் கட்டி முடிச்சாச்சுங்க மேடம்! கடையில வேணும்னா கேட்டுப் பாருங்க!"

மேடம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அதற்கு மேல் சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், செல்வராஜ் வீட்டில் மிஞ்சியது ஒரு பலகைக் கட்டிலும், அரிசிப் பீப்பாய் மேல் அடுக்கிய புத்தகங்களும். ராஜி அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. மேடம் நின்றபடியே என்னவோ எழுதினார். போய்விட்டார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இல்லாமையைக் காட்டு என்று கேட்கிறார்கள். எங்களுக்கோ, இருப்பதுபோல் காட்டித்தான் பழக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை, அம்மாவின் மானத்தைத் தூக்கி வாசலில் வைத்தால்தான் படிக்க முடியுமா? பேராசிரியர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பணம் எங்கள் லயத்துக்கு எப்படி நடந்து வருகிறது என்று அவருக்குத் தெரியுமா?

போன வாரம் செய்தி வந்தது. கீர்த்தனாவுக்குக் கிடைத்துவிட்டது! அன்றிலிருந்து மகளோடு சரியாகப் பேசாமலே இருந்த ராஜி, அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏண்டி... நம்ம வீட்டப் பத்தி அங்க என்னா எழுதி வச்சிருக்காங்களோ?"

எனக்கும் அதே சந்தேகம்தான். கீர்த்தனா படித்து முடித்து, அந்தப் பீடத்துக்கே மேடமாகப் போனால்தான் தெரியும்!