பால்காரரின் சட்டைப் பை

அவர் வாழ்நாளில் ஒரு மாட்டின் மடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் அந்தத் தக்காளிப் பண்ணையில் எல்லாருக்கும் அவர் பால்காரர்தான். கண்ணாடிக் கூரை போட்ட அந்த நீளமான கூடத்தின் வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் ஆடை நீக்கிய பால் ஒரு வாளி, பக்கத்தில் விறைப்பாக அவர். உள்ளே போகிறவர் முதலாளியே ஆனாலும் முதலில் கையை நீட்ட வேண்டும். பால்காரர் குனிந்து முகர்வார். புகையிலை வாடை துளி அடித்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். தேறியவர்கள் இரண்டு கையையும் பாலில் முக்கிவிட்டு உள்ளே போகலாம். ஒரு தடவை முதலாளியின் மாப்பிள்ளையே வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார். பால்காரர் அதைப் பரம்பரைச் சொத்து மாதிரி சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் தேமல் நோய். புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றுக்கு வரும் தேமல் வைரஸ் மற்றதையும் சும்மா விடாது. இலை திட்டுத் திட்டாக வெளுக்கும், சுருங்கும், காய் கோணலாகும். மருந்து என்று ஒன்றும் கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். காய்ந்த புகையிலைத் தூளில்கூட அந்த வைரஸ் வருஷக்கணக்கில் பசியோடு காத்திருக்கும் என்பதால், புகைப்பவர் கை பட்டாலே வம்பு. பால் அந்த வம்பின் கையைக் கட்டிப்போடும்.

அந்தப் பருவத்தில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். ஓடிக்கொண்டிருந்த பஸ் தடத்தையே நிறுத்திவிட்டதால் வேலை போன கண்டக்டர். வந்த அன்றே அவளுக்குக் கண்டக்டர் என்று பெயர் நிலைத்துவிட்டது. பால்காரர் வழக்கம்போல அவளிடமும் தன் பாடத்தை ஒப்பித்தார். மக்காச்சோளக் கதிரை நினைத்துக்கொள், சுற்றிலும் முத்து முத்தாகப் புரதம், நடுவில் ஒரே ஒரு நூல், அந்த நூலில்தான் அதன் சங்கதி எல்லாம் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் வைரஸ் என்றார். அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, தானாகக் குட்டி போடவும் தெரியாது. இலையில் ஒரு கீறல் கிடைத்தால் போதும். செல்லுக்குள் புகுந்து, புரதச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, செல்லின் கருவிகளை வைத்தே தன்னைப் போல ஆயிரக்கணக்கில் செய்ய வைக்கும்.

கண்டக்டர் யோசித்தாள்.

"அதாவது, டிக்கெட் எடுக்காம ஏறினது மட்டுமில்லாம, டிரைவரைத் தன் ஊருக்கு ஓட்டச் சொல்லுது."

பால்காரருக்கு இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு விளக்கம் தோன்றவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதே வாரம் அவருக்குக் குளிர்காலப் பரிசாக ஒரு மேல்சட்டை வந்தது. மனைவியின் அண்ணன், கல்யாண வீடுகளில் படம் பிடிப்பவர். தொப்பை வைத்துவிட்டதால் தன் பல பைகள் வைத்த சட்டையைத் தங்கை புருஷனுக்குத் தள்ளிவிட்டார். அந்துருண்டை வாசனை ஆளைத் தூக்கியது. ஆனால் பைகளைப் பார்த்ததும் பால்காரர் சொக்கிப்போனார். செடியைக் கம்பியில் மாட்டும் கிளிப்புகளுக்கு இடது பை, கத்தரிக்கு வலது பை. துவைக்கக்கூடக் கொடுக்காமல் மறுநாளே மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து அவர் மனைவிக்குக் காலையில் தும்மல். ஜலதோஷம் போல என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்கள் போயின. மூன்றாவது வரிசையில் ஒரு இலை வெளுத்தது. பிறகு அதற்கு அடுத்த செடி, பிறகு அதற்கும் அடுத்தது. யாரோ கையால் தடவிக்கொண்டே நடந்த மாதிரி தேமல் வரிசையாகப் போனது. பால்காரருக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஒரு வரிசை மட்டும் அவர்கள் இருவர் பொறுப்பு. அவர் கிளிப் மாட்டிக்கொண்டு முன்னால் போவார், கண்டக்டர் பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டு பின்னால் வருவாள். அவளோ புது ஆள். போதாக்குறைக்கு அவள் புருஷன் பெட்டி பெட்டியாக ஊதித் தள்ளுகிறவன். வேறு யாரைச் சந்தேகப்படுவது?

தினமும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருகிறேன், நீங்களே மோந்து பார்த்துத்தானே விட்டீர்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பால்காரர் காதில் ஏறவில்லை. நோயைக் கொண்டுவந்தவர் அந்தப் பருவம் முழுக்கச் செடியைத் தொடக் கூடாது, அட்டைப்பெட்டி ஒட்டும் கொட்டகைக்குப் போக வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். முதலாளி அதற்கும் ஒரு படி மேலே போய், வார முடிவில் கணக்கை முடித்துவிடலாம் என்றார். கண்டக்டர் கொட்டகைக்கு நடந்தாள்.

மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டும்போது மனைவி அடுக்கடுக்காகத் தும்மினாள். தும்மி முடித்து மூக்கைத் துடைத்தவள், சட்டையை முறைத்துப் பார்த்தாள்.

"இது ஜலதோஷமில்லைங்க. எங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து பீடி சுருட்டும்போது வர்ற தும்மல்."

பால்காரர் இடது பையை வெளியே இழுத்துத் திருப்பினார். தையலோரம் முழுக்கப் பழுப்பாகப் பொடி அப்பியிருந்தது. அந்துருண்டை வாடைக்குள் அது இத்தனை நாள் சௌகரியமாக ஒளிந்திருந்திருக்கிறது. பாலில் கையை முக்குவது, பைக்குள் விட்டுக் கிளிப் எடுப்பது, செடியைத் தொடுவது, மறுபடி பைக்குள் விடுவது. ஊரார் கையை எல்லாம் முகர்ந்த மூக்கு, தன் சட்டையை விட்டுவிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மனைவிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. துவைத்துப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்று மெதுவாகச் சொன்னாள். அது உண்மைதான். இருபது வருஷ மரியாதை அப்படியே இருக்கும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண்தான் மறுபடி தெருவில் நிற்பாள். பால்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். சட்டையைப் பாலிதீன் பையில் போட்டு இறுக்கி முடிந்தார்.

எல்லாரும் வாசலில் கூடியதும் அவர் ஸ்டூலின் பக்கத்தில் நிற்கவில்லை, எதிரே நின்றார். கொட்டகையிலிருந்து கண்டக்டரையும் வரச் சொல்லியிருந்தார்.

"தேமலைக் கொண்டு வந்தது நான்தான். இந்தச் சட்டைப் பையில இருந்துச்சு. இந்தம்மா கை சுத்தம். தப்பா சொல்லிட்டேன்மா, மன்னிச்சுக்க."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி சரி, போனது போகட்டும் என்றார். பால்காரர் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டு, நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பசைச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஒட்டிய பெட்டிகள் ஒன்றுகூட நேராக நின்றதில்லை என்பது வேறு விஷயம். மச்சானுக்கு அன்று இரவே போனில் நல்ல அர்ச்சனை கிடைத்தது. மூன்றாவது வரிசையை மொத்தமாகப் பிடுங்கி எரித்தார்கள். மற்ற வரிசைகள் தப்பின. வாசல் ஸ்டூலும் பால் வாளியும் கண்டக்டரிடம் போயின.

அடுத்த பருவத்தின் முதல் நாள். பால்காரர் துவைத்து வெளுத்த சாதாரணச் சட்டையில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கையை நீட்டினார். புதுப்பெண் மாதிரி கூச்சமாக இருந்தது. கண்டக்டர் நிதானமாக முகர்ந்தாள். அவர் கையைப் பாலில் விடப்போனார். அவள் வாளியை நகர்த்திக்கொண்டாள்.

"கை சரி. பையைக் காட்டுங்க."

பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். பால்காரர் இருந்த ஒரே பையையும் வெளியே இழுத்து, தையலைப் பிரிக்காத குறையாக உதறிக் காட்டினார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரம் ஓரமாகப் பார்த்தாள். பிறகு வாளியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பழைய வேலையின் குரலில் சொன்னாள்.

"ரைட், போலாம்."